வேலியில் விட்ட சந்து

ஆற்றங்கரைத் தோப்பைப் பார்த்துக்கொள்கிற வேலை அவளுக்கு. ஊர் வைத்த பேர் முள்ளம்மா. யாராவது பாதையை விட்டு இறங்கி நடந்தால் போதும், மறுநாள் அந்த இடத்தில் முள் வெட்டிப் போட்டிருப்பாள். அவள் நாக்கிலும் அதே முள்தான் என்பான் புருஷன். அவன் தையல்காரன். அவன் வாய் மட்டும் என்ன, ஊசிக்கு இளைத்ததா?

தோப்பு சின்னது. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வீடுகள். நடக்க வருகிற சனமும் வேண்டும், பறவையும் வேண்டும். ரெண்டு பொண்டாட்டிக்காரன் பாடுதான் அவள் பாடு. பட்டுப்போன மரத்தை மட்டும் யாரையும் தொட விடமாட்டாள். பச்சை மரம் நிழல் கொடுக்கும், பட்ட மரம்தான் பொந்து கொடுக்கும் என்பாள். ஆனால் பட்ட மரம் பாதையோரம் நின்றால் ஒன்று மரத்தை வெட்டணும், இல்லை பாதையை மாற்றணும். வேலை கொடுத்தவர்கள் வைத்த சட்டம் அது.

ஆற்றோரப் பாதையை ஒட்டி நின்ற பட்ட மரத்தில் ஆந்தை குடியேறியது. அவள் பாதையை மாற்றினாள். பழைய பாதையை இடுப்புயரம் முள் போட்டு அடைத்தாள். கூட்டைப் பார்க்கத் தான் போய்வரணுமே என்று, ஓர் ஆள் ஒருக்களித்து நுழைகிற சந்து மட்டும் விட்டாள்.

மத்தியானச் சோறு கொண்டுவருகிற புருஷன் அதைக் கண்டுபிடித்துவிட்டான்.

"சுத்தித்தான் வரணும். காத்துக் காலம்," என்றாள்.

"சுத்தி வந்தா சோறு ஆறிடும். அதுக்கும் என்னைத்தான் வைவ."

அவள் சிரித்துத் தொலைத்தாள். அன்றிலிருந்து அதுவே அவனுக்கு வழியாகிவிட்டது.

காற்று பேயாய் அடித்த ஒரு மத்தியானம், சந்தில் நுழைந்து வந்தவன் முதுகில் பட்ட மரத்துக் கிளை முறிந்து விழுந்தது. பிழைத்தான். ஆனால் மெஷின் மிதிக்கிற கால் ரெண்டும் போச்சு.

ஆஸ்பத்திரியிலிருந்து அவன் வீட்டுக் கட்டிலுக்கு வந்த கொஞ்ச நாளில், மரம் அறுக்கிற அவள் தம்பி ரம்பத்தோடு வீட்டுக்கே வந்து நின்றான்.

"அக்கா, அந்தச் சனியனை இன்னிக்கே சாய்ச்சிடறேன்."

"உள்ள குஞ்சு இருக்குடா."

"மச்சான் இப்படிக் கிடக்கறாரு, நீ ஆந்தைக்கு வக்காலத்து வாங்கற. உனக்கு நெஞ்சா, கல்லா?"

"கல்லுன்னே வெச்சுக்கோ. மரம் என்ன பண்ணும்? சந்து விட்டவ நான்."

"உன்னைக் கேக்கல. மச்சான், நீங்க சொல்லுங்க."

சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவன் திரும்பவில்லை.

"வெட்டு. இங்க ஒரு பட்ட மரம் கிடக்கு, அதையும் சேத்து வெட்டிட்டுப் போ."

"பட்ட மரத்தை நான் வெட்ட விடமாட்டேன், ஊருக்கே தெரியும்," என்றாள் அவள்.

அவன் சிரிக்கவும் இல்லை, வையவும் இல்லை. தம்பி ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் அந்தச் சந்தை அடைத்தாள்; ஒரு கைப்பிடி முள்ளே போதுமாயிருந்தது. இப்போது அவளும் சுற்றித்தான் போகிறாள். தூக்குச்சட்டியும் அவள் கையில்தான். சோறு ஆறிப்போயிருக்கும். குஞ்சு பறந்ததா என்று அவன் கேட்கவில்லை. கேட்டாலும் அவளுக்குத் தெரியாது. கூட்டுப் பக்கம் போக வழியில்லையே.