விடையை மூடிய கை

நாளைக்குத் தேர்வு. இன்று மதியம் அங்காளம்மா அக்கா என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பத்துக்கு இரண்டு மதிப்பெண் வாங்கினார்.

நேற்று வரை பத்துக்குப் பத்து வாங்கியவர் அவர். நான் செம்பாக்கத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சர்ச் ஹாலில் பெரியவர்களுக்கு இணையத்திலிருந்து கணக்கு வீடியோ போட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒவ்வொரு வீடியோவுக்குக் கீழேயும் பத்துக் கேள்வி, கேள்விக்கு நான்கு விடை. அக்கா வீட்டிலும் மகளின் போனில் விடாமல் பயிற்சி செய்வார். என் வகுப்பிலேயே கெட்டிக்காரி இவர்தான் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன்.

அக்கா கடலோரக் குப்பத்தில் மீன் விற்றவர். குடும்பத்தை அரசாங்கம் பெரும்பாக்கம் அடுக்குமாடிக்கு மாற்றியபின் கடல் தூரமாகிவிட்டது. கூடையை இறக்கி வைத்துவிட்டு, தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் தரை துடைக்கப் போனார். இப்போது அங்கே சூப்பர்வைசர் வேலை காலி. கம்ப்யூட்டரில் கணக்குத் தேர்வு வைக்கிறார்கள். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் எழுத முடியாது. அக்காவுக்கு அடுத்த மாதம் நாற்பத்தைந்து முடிகிறது.

"இன்னா டீச்சர், இவனுங்க விடைய மாத்தி வெச்சிட்டானுங்க!" என்று போனை என்னிடம் நீட்டினார்.

"விடை மாறலக்கா. இடம்தான் மாறியிருக்கு. இப்ப புதுசா ஒவ்வொரு தடவையும் கலைச்சுப் போடுற மாதிரி செஞ்சிருக்காங்க."

"அதான் சொல்றேன். இது மூணாவதுல இருக்கணும். நேத்து அங்கதான இருந்துச்சி?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மனுஷி இத்தனை நாளும் கணக்கே போடவில்லை! முதல் வரியைப் பார்த்ததும் விடை எந்த இடத்தில் இருக்கிறதென்று நினைவில் வைத்து அழுத்தியிருக்கிறார். ஏமாற்றவேண்டும் என்றெல்லாம் இல்லை. கரையில் மீன் ஏலம் முடிந்தால் மணலில் கூடைகள் வரிசையாக நிற்கும். யாரும் எழுதி வைப்பதில்லை. எந்தக் கூடை யாருடையது என்பது நிற்கும் இடத்தை வைத்துத்தான். கூடையை நகர்த்தினால் அடிதடியே நடக்கும். இருபது வருஷம் அப்படியே பழகிய தலை, போனிலும் அதையே செய்திருக்கிறது.

அதெல்லாம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. அந்த நேரத்தில், "அறிவு இருக்கா உங்களுக்கு? நாளைக்கு என்ன செய்யப் போறீங்க?" என்று கத்திவிட்டேன்.

அக்காவின் முகம் சுண்டிப்போனது. "பேஜார் பண்ணாத டீச்சர். நாளைக்கு வுட்டா எனக்கு வேற நாளே கெடையாது" என்றார்.

போனை வாங்கி, நான்கு விடைகளையும் என் உள்ளங்கையால் மூடினேன். "கேள்விய மட்டும் படிங்க. விடை உங்ககிட்டேருந்து வரணும். வந்தாத்தான் கையை எடுப்பேன்."

இருபது லிட்டர் கரைசலில் ஐந்து சதவீதம் மருந்து இருக்கவேண்டும். மருந்து எவ்வளவு? அக்கா பென்சிலைக் கடித்தார், எழுதினார், அடித்தார். "ஒரு லிட்டரு?" கையை எடுத்தேன், இருந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் பாதிக்குப் பாதி சரியாக வந்தது. பாதி போதாதே, கர்த்தரே!

மறுநாள் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். தேர்வு நடந்த அறைக்குக் கண்ணாடிக் கதவு. எல்லோரும் மவுஸைத் தட்டிக்கொண்டிருக்க, அக்கா இடது கையை ஸ்கிரீன்மேல் வைத்து மூடிக்கொண்டிருந்தார். கண்காணிக்க வந்தவர் பார்த்துவிட்டார். ஏதோ அதட்டினார். அக்கா கையை எடுத்தார். அவர் திரும்பியதும் மறுபடி வைத்தார். அந்த ஆள் விறுவிறுவென்று வந்து அக்காவை எழுப்பி நிறுத்தினார். போச்சு, வெளியே அனுப்பப் போகிறான் என்று கதவைத் தள்ளினேன். செக்யூரிட்டி என்னைத் தடுத்துவிட்டார்.

அக்கா ஏதோ சொன்னார். அந்த ஆள் அக்கா கணக்குப் போட்ட தாளைப் பார்த்தார். பிறகு அக்காவை உட்காரச் சொல்லிவிட்டுத் தன் நாற்காலிக்குப் போனார்.

ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். கடைசியாகத்தான் அக்கா வந்தார், கையில் மதிப்பெண் சீட்டை மூடிப் பிடித்துக்கொண்டு.

"எதுக்கு மறைக்கிறேன்னு சத்தம் போட்டான் டீச்சர். பாத்தா எடம் மனசுல ஒட்டிக்கும் சார், அதான்னு சொன்னேன்."

"ரிசல்ட் என்னக்கா?"

"இரு. நான் இன்னும் பாக்கல. இருபதுல பாஸுக்குப் பதினஞ்சு வேணும். எனக்குப் பதினாறு வரணும், கணக்குப் போட்டு வெச்சிகீறேன். இப்ப நீ என் கைய எடு."

எடுத்தேன். பதினேழு. நான் அக்காவைக் கட்டிக்கொண்டு வராந்தாவிலேயே அழுதுவிட்டேன்.

அக்கா மட்டும் சீட்டை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியாத நாலையும் சும்மா அழுத்தினேன் டீச்சர். அதுல ஒண்ணு வுழுந்துகீது. அத்த சேத்துக்காத. பதினாறுதான் என்னுது."