கிழிப்பதற்கு ஒரு சம்பளம்

அந்தக் கல்லூரி நூலகத்தில் அவருக்குப் பெயர் கிழிச்சவர். வைத்தவன் வாசல் காவலாளி. வேலையைப் பார்த்துத்தான் வைத்தான்.

வெளியூர் நூலகம் ஏதாவது ஒரு கட்டுரை கேட்டால், கணினியில் இருக்கிற அந்தக் கட்டுரையை அவர் முதலில் தாளில் அச்செடுக்க வேண்டும். தாளை ஸ்கேனரில் வைத்து மறுபடியும் கணினிக்குள் ஏற்ற வேண்டும். அந்த மங்கல் நகலை அனுப்பிவிட்டுத் தாளைக் கிழித்துப் போட வேண்டும். உள்ளதை உள்ளபடி அனுப்ப ஒரு நிமிடம் ஆகாது. ஆனால் அப்படி அனுப்பக் கூடாதென்று பதிப்பகக் கம்பெனி ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருக்கிறது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்கள். இது மூக்கை அறுத்துப் போட்டுவிட்டு, இப்போது தொடு பார்க்கலாம் என்பது.

வீட்டில் மனைவி, "நாள் பூரா அங்க என்னத்தக் கிழிச்சீங்க?" என்று கேட்டால் மற்ற புருஷன்மாரைப் போல அவர் முறைக்க முடியாது. "இன்னிக்கு ரெண்டு கட்டு" என்று பதில் சொல்வார்.

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். மூட்டை தூக்கத்தான் அங்கே சேர்ந்தார். அப்போதெல்லாம் ஆய்விதழ்கள் புத்தகமாக வரும். தோளில் சுமந்து அடுக்குவார். யாராவது கேட்டால் அந்தப் பக்கத்தை நகலெடுத்துத் தபாலில் போடுவார், ஒரு பயலும் ஏன் என்று கேட்டதில்லை. பிறகு எல்லாம் கணினிக்கு வந்துவிட்டது என்றார்கள். அதே புத்தகங்களை அதே தோளில் சுமந்து பழைய காகிதக்காரன் வண்டியில் ஏற்றியவரும் அவர்தான்.

இந்த முறை கேட்டது ஒரு வேளாண் கல்லூரி. அங்கே நூலகத்தில் இருக்கிற பெண்ணை அவர் நேரில் பார்த்ததில்லை; போனில் மட்டும் பழக்கம். அவள் வீட்டுக்காரரின் தக்காளித் தோட்டத்தில் இலையெல்லாம் புள்ளி விழுந்திருந்தது. இரண்டு நோயில் ஒன்று என்றார் அவர்கள் கல்லூரி ஆசிரியர். ஒன்றென்றால் மருந்தடித்தால் போதும். மற்றதென்றால் நோய் பிடித்த செடியை உடனே பிடுங்கிக் கொளுத்த வேண்டும், இல்லாவிட்டால் தோட்டமே போய்விடும். எது என்று பார்க்கப் படம் போட்ட கட்டுரை வேண்டும். புள்ளியைச் சுற்றி மஞ்சள் உண்டா இல்லையா, அதுதான் அடையாளம்; எந்த நோய்க்கு எது என்பது படத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

அவர் அச்செடுத்து, ஸ்கேன் செய்து, அனுப்பி, கிழித்தார். அவள் கூப்பிட்டாள்.

"அண்ணே, அனுப்பினது இலையா, அடுப்புக்கரியா?"

"ஏம்மா, கருப்பா இருக்கா?"

"சார் கண்ணாடி போட்டுப் பாத்தாரு, கழட்டிப் பாத்தாரு. கடைசில என்னைப் பாத்தாரு."

மையைக் குறைத்து மறுபடி அனுப்பினார்.

"இப்ப காம்பு மட்டும்தான் இருக்குண்ணே. இலைய யாரோ தின்னுட்டாங்க."

கலர் அச்சு இயந்திரம் முதல்வர் அறையில்தான் இருந்தது. மறுநாள் போய் நின்றார். முதல்வரின் உதவியாளர் தலையே நிமிரவில்லை. "மை கொஞ்சம்தான் இருக்கு. விழாவுக்கு விருந்தாளி போட்டோ அடிக்கணும்."

விருந்தாளியின் கன்னம் சிவப்பாகத் தெரிய வேண்டுமாம். செடி செத்தால் என்ன?

நேரே தலைமை நூலகரிடம் போனார். "அம்மா, படத்த அப்படியே அனுப்பிடட்டுமா? அங்க தோட்டம் போயிட்டிருக்கு."

"சட்டத்துல இடம் இருக்கு. படிப்புக்கு, ஆராய்ச்சிக்கு ஒரு நகல் குடுக்கலாம்னு பதிப்புரிமைச் சட்டமே விலக்கு குடுத்திருக்கு."

"பின்ன என்னம்மா?"

"புத்தகம்னா வாங்கினோம், நம்மளுது. இது வாடகை வீடு. ஆணி அடிக்காதேன்னா அடிக்கக் கூடாது. மீறினா கம்பெனிக்காரன் மொத்தக் காலேஜுக்கும் கதவச் சாத்திருவான். பரீட்சை வேற வருது."

"சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்னு சொல்லுங்க."

"கையெழுத்துப் போட்டது நாமதானே" என்றார் அந்தம்மா. சொன்னவர் முகத்திலும் எரிச்சல்தான்.

"சரி, வாயால சொல்லலாமா? அதுக்கும் வாடகை உண்டா?"

அந்தம்மா எழுந்தார். "எனக்கு எதுவும் காதுல விழல" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அவர் போனை எடுத்தார். கணினித் திரையில் இலை பளபளவென்று நின்றது.

"முதல் படம் சொல்றேன் கேளு. புள்ளி, டீக்கறை மாதிரி. சுத்தி மஞ்சள்."

"என்ன மஞ்சள்ணே?"

"துவைக்காத சட்டைக் காலர் இருக்குல்ல, அந்த மஞ்சள்."

அந்தப் பக்கம், இலையோடு வந்து நின்ற வீட்டுக்காரரிடம் அவள் கத்துவது கேட்டது. "என்னங்க, இலைய வெளிச்சத்துல காட்டுங்க! காலர் மஞ்சளா பாருங்க!" பிறகு, "ரெண்டாவது படம் சொல்லுங்கண்ணே, சார் கேக்குறாரு."

"அதுல மஞ்சள் கிடையாது. புள்ளிக்குள்ள வளையம் வளையமா, மரத்த அறுத்தா தெரியுமே அப்படி."

அந்தப் பக்கம் ஏதோ பேசிக்கொண்டார்கள். "முதல் படம்தாண்ணே" என்றாள். "கொளுத்துற நோவு."

போனை வைத்தபோது அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. அறை நிறையக் கணினி, கூரையில் குளிரூட்டி, வருஷா வருஷம் கம்பெனிக்குக் கட்டுகிற வாடகை. இத்தனையும் வைத்துக்கொண்டு ஒரு இலையின் நிறத்தை, கண் தெரியாதவனுக்குச் சொல்வது போல வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது. கூசியது.

அடுத்த வாரம் வேறொரு கட்டுரைக்காக அவளே கூப்பிட்டாள்.

"தோட்டம் என்னாச்சும்மா?"

"மேட்டுப் பக்கம் தப்பிச்சுது. பள்ளத்துல நின்னது பூரா கொளுத்தியாச்சு. முதல் நாளே தெரிஞ்சிருந்தா நோவு அந்தப் பக்கம் இறங்கியிருக்காதாம்." உடனே சொன்னாள்: "உங்களச் சொல்லலண்ணே."

"பின்ன யாரச் சொல்ற?"

"அதாண்ணே தெரியல. நானும் யோசிச்சுப் பாத்தேன். யாரத் திட்டுறதுன்னே தெரியல."

அவருக்கும் தெரியவில்லை. அந்தக் கம்பெனிக்காரன் ஒருவனைக்கூட அவர் கண்ணால் பார்த்ததில்லை. வாய் கசந்தது. எழுந்து போய்க் கைகழுவும் தொட்டியில் காறித் துப்பினார். முகம் தெரிந்திருந்தால் அங்கே துப்பியிருப்பார்.