வெள்ளைக் கேக்கின் படம்

அப்பாவின் கடிதங்களில் கற்பூரவல்லி மணம் வீசும். உண்மையில் அது கற்பூரவல்லி அல்ல. கிரேக்க நாட்டுக் கடலோரத்தில் பாறை இடுக்கில் முளைக்கிற ஏதோ ஒரு பூண்டு. அதைக் காயவைத்து அங்குள்ளவர்கள் மீனுக்கும் இறைச்சிக்கும் தூவுவார்களாம், அப்பா ஒரு சிட்டிகை எடுத்துக் கடித உறைக்குள் போட்டு ஒட்டுவார். யாங்கோனில் லான்மடாவ் பக்கம் நாங்கள் குடியிருந்த மூன்றாம் மாடிப் பால்கனியிலிருந்து தெருவரைக்கும் ஒரு கயிறு தொங்கும், கீழ்நுனியில் கவ்வி, மேல்நுனியில் மணி. தபால்காரர் கடிதத்தைக் கவ்வியில் மாட்டிக் கயிற்றை அசைத்தால் மணி அடிக்கும், நான் ஓடிப்போய் இழுப்பேன். கடிதம் இரண்டாம் மாடியைத் தாண்டும்போதே மணம் வந்துவிடுகிறது என்று சாதிப்பேன். "மூக்கா அது, மோப்ப நாயா?" என்பாள் அம்மா. ஆனாலும் உறையை வாங்கியவுடன் அவளும் முகர்ந்துதான் பார்ப்பாள்.

எண்பத்தெட்டுக் கலவரத்துக்குப் பிறகு ஊரில் வேலை என்று ஒன்றும் இல்லாமல் போனபோது அப்பா 'தின்போதா' ஆனார். கப்பலாளுக்குப் பர்மியச் சொல் அது. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு தின்போதா இருந்த காலம். அப்பா ஏறியது ஒரு கிரேக்க முதலாளியின் பழைய சரக்குக் கப்பல். இரண்டு வருஷம் ஓடிய அந்தக் கப்பலை முதலாளி ஏதோ ஒரு விரிகுடாவில் நங்கூரம் போட்டு நிறுத்திவிட்டுக் கைகழுவிவிட்டார். சம்பளமும் இல்லை, சோறும் இல்லை என்றானபோது அப்பா இறங்கிக் கரையோரமாகவே நடந்து, ஐம்பது அறுபது வீடுகள் உள்ள ஒரு மீன்பிடிக் கிராமத்தில் போய் ஒதுங்கினார். கப்பலை விட்டு இறங்கிப் போனவரின் வீட்டாரை அதிகாரிகள் கூப்பிட்டு விசாரிப்பார்கள் என்று எங்கள் தெருவில் ஒரு பயம் இருந்தது. அதனால் அம்மா எல்லாரிடமும் அவர் இன்னும் கப்பலில்தான் இருக்கிறார் என்றே சொல்லிவந்தாள். உண்மை தெரிந்தவர் எதிர்வீட்டு டோ மியா என்கிற அம்மாள் ஒருவர்தான். அவருடைய அப்பா தமிழர், அம்மா பர்மியர் என்பதால் இரண்டு பாஷையிலும் வம்பு பேசத் தெரிந்தவர், காலையில் தெருமுனையில் 'மொகிங்கா' என்கிற மீன்குழம்பு நூடுல்ஸ் விற்பவர்.

அந்தக் கிராமத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை, ஆனால் மூன்று வருஷம் அதில் குடியிருந்தேன் என்றே சொல்லலாம். அங்கே கடலில் சேறு கிடையாது, நம் ஆற்றைப் போல இல்லை, அடியில் கிடக்கிற கல்லை எண்ணிவிடலாம் என்று அப்பா எழுதியிருந்தார். பேய்க்கணவாயைப் பிடித்து வந்து பாறையில் துணி துவைப்பதுபோல் அடி அடியென்று அடித்து, பிறகு அதே துணிபோல் கொடியில் காயப்போடுவார்களாம். ஆண்கள் காலையில் காபிக் கடையில் உட்கார்ந்தால் மதியம் மணி அடிக்கிறவரை எழுந்திருக்க மாட்டார்களாம். பாதிரியாருக்குப் பெண்டாட்டி உண்டாம், தேனீ வளர்க்கிறாராம். இதை நான் படித்துக் காட்டியபோது அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குளிர்காலத்தில் ஒலிவ மரங்களுக்கு அடியில் வலையை விரித்துக் கழியால் காய்களை உதிர்ப்பார்கள், அப்பாவுக்கு அந்த வேலை; மற்ற நாட்களில் வலை பின்னுவது, படகுக்குச் சாயம் அடிப்பது. ஒரு மலிவான கேமரா வாங்கியிருந்தார். படகு, ஆடு, கடல், காபிக் கடை என்று எல்லாம் படத்தில் வரும், எடுக்கிறவர் அவர் என்பதால் அவர் மட்டும் வர மாட்டார்.

அவர் தங்கியிருந்தது எலெனி என்கிற பெண்ணின் வீட்டுக் கீழறையில், வலைகள் போட்டுவைக்கும் இடத்தில். எலெனி என்ற பெயர் ஒரு கடிதத்தில் வந்தது, அம்மா தைத்துக்கொண்டே கேட்டாள். இரண்டாவதில் வந்தது, "யாராம் அவ?" என்றாள். மூன்றாவதில் எலெனி சூப்பு வைத்துக் கொடுத்தாள் என்று வந்தபோது அன்று எங்கள் வீட்டில் சமையல் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு கடிதத்தின் கடைசி வரியும் ஒன்றுதான்: காகிதங்கள் தயாராகிவிட்டால் வந்துவிடுவேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா பக்கத்துத் தெருப் பெண்களுக்கு ரவிக்கை தைத்து எங்கள் இரண்டு பேர் வயிற்றையும் கழுவினாள்.

பிறகு நான்கைந்து மாதம் மணி அடிக்கவில்லை. அடித்த அன்று கவ்வியில் இருந்தது ஒரு தடித்த உறை, முகவரி வேறொருவர் கையெழுத்து. உள்ளே புரியாத எழுத்தில் இரண்டு பக்கக் கடிதம், ஒரு வெள்ளைக் காகிதப் பொட்டலம், ஒரு புகைப்படம். வேறொருவர் எழுதினால் அது சாவுச் செய்திதான் என்று அம்மா அழ ஆரம்பித்தாள். "டோ மியாவைக் கூப்பிடு" என்றாள்.

படத்தில் ஒரு மேசை, அதன்மேல் பெரிய தட்டு நிறைய வெள்ளை வெளேரென்று ஒரு கேக்கு, அதன்மேல் வெள்ளி மணிகளால் சிலுவை, நடுவில் எரிகிற மெழுகுவத்தி. பின்னால் தாடியும் உயரத் தொப்பியுமாகப் பாதிரியார், அவர் பக்கத்தில் கறுப்பு உடையில் ஒரு பெண். சுற்றிலும் கிராமத்துப் பிள்ளைகள் கையில் பொட்டலத்தோடு எதையோ தின்றுகொண்டிருந்தார்கள். பொட்டலத்தைப் பிரித்தால் கட்டியாகிப்போன கோதுமை, சர்க்கரை, உலர்ந்த திராட்சை, இரண்டு பாதாம். டோ மியா படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"லெச்சுமி, அழுவாத. சாவு வூட்டுல யாராச்சும் கேக்கு வெட்டுவாங்களா? இனிப்பு அனுப்புவாங்களா?" என்றார். அம்மாவுக்கு மூச்சு வந்தது. அடுத்த மூச்சில் டோ மியாவே சொன்னார்: "இது 'மிங்கலா சாங்'தான். கல்யாணம். பாதிரியாரும் நிக்கிறாரு, அவளும் கறுப்புப் பட்டுல நிக்கிறா. உம் புருசன் எங்க? படம் புடிக்கிறாரு!"

இப்போது நினைத்தால் ஒன்று தெரிகிறது. அம்மா அந்தக் கல்யாணத்தை நம்பத்தான் விரும்பினாள். கல்யாணம் என்றால் மனுஷன் உயிரோடு இருக்கிறான். அந்த நிம்மதியே வெட்கமாகிப்போய்க் கோபமாக மாறியது என்று நினைக்கிறேன். பொட்டலத்தை அப்படியே பால்கனியிலிருந்து கவிழ்த்தாள். யாங்கோன் காக்கைகளுக்குச் சொல்ல வேண்டுமா, மின்கம்பியிலிருந்து கூட்டமாக இறங்கி ஒரு மணி மிச்சம் வைக்காமல் பொறுக்கித் தின்றன. கடிதத்தை என்ன செய்வது? கப்பல் கம்பெனியில் கொண்டுபோய்க் காட்டினால் கிரேக்கம் தெரிந்தவர் யாராவது இருப்பார்கள், ஆனால் அங்கே போனால் அவர் ஓடிப்போனது வெளியாகிவிடும். "வரட்டும், மூஞ்சியில விட்டெறியறேன்" என்று படத்தையும் கடிதத்தையும் இரும்புப் பெட்டியின் அடியில் போட்டாள்.

அன்றைக்கே பதில் எழுதவைத்தாள். அப்பாவுக்குப் போகும் கடிதங்களை எழுதுவது நான்தான், அம்மாவுக்குத் தையல் வரும், எழுத்து வராது. எனக்குப் பதினோரு வயது. அவள் சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதினேன்: எங்களுக்கு நீங்கள் செத்தவர், இனிப் பிணமாகக்கூட எங்கள் வாசல்படி மிதிக்கக் கூடாது. கையெழுத்து நன்றாக வர வேண்டுமென்று கோடு போட்ட தாளில் எழுதினேன். உறையில் கிரேக்க முகவரியைக் கோலத்தைப் பார்த்துப் போடுவதுபோலப் பார்த்து வரைந்தேன். எனக்கும் அவர்மேல் அடங்காத கோபம்தான், அதை மறைக்க விரும்பவில்லை.

அதன்பிறகு ஏழு வருஷம் எங்கள் வீட்டில் அப்பா பெயர் எடுக்கப்படவில்லை. ஆனால் அம்மா தாலியைக் கழற்றவில்லை, நெற்றியில் பொட்டு முன்னைவிடப் பெரிதாயிற்று. "எனக்கென்ன குறை, எம் புருசன் நல்லாத்தான இருக்கான்" என்பாள். தெருவில் எந்தக் கல்யாணமானாலும் ஆரத்தித் தட்டை எடுக்க முதல் ஆளாய் நிற்பாள், அதில் ஒரு வீம்பு இருந்தது.

நான் பள்ளி முடித்து கியாக்டடாவில் ஒரு நகலெடுக்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். சுற்றிலும் கப்பலுக்கு ஆள் எடுக்கும் அலுவலகங்கள், தின்போதாக்கள் தங்கள் காகிதங்களை நகலெடுக்க எங்களிடம்தான் வருவார்கள். ஒருநாள் மத்தியானம் கோ வின் என்றொருவர் நீட்டிய காகிதத்தில், பெட்டியில் கிடந்த கடிதத்தின் அதே கிரேக்க எழுத்து. படிக்கத் தெரியுமா என்று கேட்டேன். கிரேக்கத் துறைமுகத்தில் ஒன்பது வருஷம் கிடந்தேன், தெரியாமல் எப்படி என்றார் பர்மியத்தில். மறுநாள் அம்மாவுக்குத் தெரியாமல் பெட்டியிலிருந்து கடிதத்தை எடுத்துக்கொண்டு போனேன். அந்தக் கல்யாணக் கதையை முழுதாய்க் கேட்டுவிட வேண்டுமென்ற ஆத்திரம்தான் காரணம். கோ வின் இரண்டு வரி படித்தார், தொப்பியைக் கழற்றிக் கவுண்டரில் வைத்தார், "இவர் உன் அப்பாவா?" என்று கேட்டார்.

பாதிரியார் எழுதிய கடிதம் அது. மழைநாளில் படகைக் கரைக்கு இழுக்கும்போது உங்கள் ஆள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். எங்கள் மதத்தவர் அல்லர் என்றாலும் எங்கள் கல்லறையில் சுவரோரமாக இடம் கொடுத்தோம். நாற்பதாம் நாள் இங்குள்ள வழக்கப்படி கோதுமையை வேகவைத்துக் கேக்கு போலக் குவித்துச் சர்க்கரை தூவி, அவர் பெயரைச் சொல்லிப் பகிர்ந்து தின்றோம், உங்கள் பங்கை அனுப்பியிருக்கிறோம். படத்தில் என் பக்கத்தில் நிற்பது எலெனி, அவள் கணவன் கடலில் போன நாளிலிருந்து கறுப்புதான் உடுத்துகிறாள். மூன்று வருஷம் கழித்து எலும்பை எடுத்துத் திராட்சை மதுவில் கழுவுவது எங்கள் வழக்கம். உறவினர் கேட்டால் பெட்டியில் வைப்போம், கேட்க ஆள் இல்லாவிட்டால் பொதுக்குழியில் சேர்த்துவிடுவோம். உங்கள் முறைப்படி என்ன செய்ய வேண்டுமென்று எழுதுங்கள், காத்திருப்போம்.

அம்மா தையல் இயந்திரத்தில் உட்கார்ந்திருந்தாள், நான் நின்றபடியே சொன்னேன். அவள் அழவில்லை. "மூணு வருசம்னா சொல்லியிருக்காங்க? ஏழு ஆயிடுச்சே?" என்று மட்டும் கேட்டாள். பிறகு எழுந்துபோய்க் குழாயடியில் நெற்றியைத் தேய்த்துக் கழுவினாள், தோல் சிவக்கும்வரை தேய்த்தாள். தெரு வேறுவிதமாக அழுதது. ஏழு வருஷம் யார் யாருக்கு ஆரத்தி எடுத்தாளோ என்று பேசினார்கள், அம்மாவிடம் ரவிக்கை கொடுப்பதையே சிலர் நிறுத்தினார்கள். டோ மியா மட்டும் வாசலில் உட்கார்ந்து, "நாந்தான் பாவி, நாந்தான் சொன்னேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். அம்மாதான் அவருக்குத் தண்ணீர் கொடுத்துத் தேற்றினாள்.

கோ வினைக் கொண்டு கிரேக்கத்தில் எழுதிக் கேட்டோம். பதில் வந்தது, கற்பூரவல்லி மணம் இல்லாமல். எலும்பைக் குழியில் போடவில்லை, பெட்டியில் பத்திரமாக இருக்கிறது என்று பாதிரியார் எழுதியிருந்தார். அந்த வருஷமே உங்கள் கடிதம் வந்துவிட்டதே, அதைப் படிக்க எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை, ஆனால் குழந்தைக் கையெழுத்தில் அவ்வளவு அழகாக எழுதியிருந்ததால், கேட்க ஆள் உண்டு, இவரை விட்டுவிடாதீர்கள் என்றுதான் எழுதியிருக்கும் என்று புரிந்துகொண்டோம். எலும்பை எடுத்தபோது எலெனி அதைத் தன் கையால் பெட்டிக்குள் அவர் தலைமாட்டில் வைத்து மூடினாள்.

இதை அம்மாவிடம் மறைத்திருக்கலாம். பதினெட்டு வயதில் அவ்வளவு கெட்டிக்காரத்தனம் இல்லை, படித்துச் சொல்லிவிட்டேன். அம்மா கையிலிருந்த ரவிக்கையை மடித்து வைத்துவிட்டு, "அத வெளிய எடுத்துடச் சொல்லுடி. எலும்ப அனுப்பாட்டியும் பரவால்ல, அந்தக் கடுதாசிய மட்டும் எடுத்துடச் சொல்லு" என்றாள்.

எழுதினோம். கோ வின் மறுபடி கப்பலேறுவதற்குள் மூன்று முறை எழுதிக் கொடுத்தார். எதற்கும் பதில் வரவில்லை, பாதிரியார் இறந்தாரோ, எலெனி இருந்தாளோ, ஒன்றும் தெரியவில்லை. இன்றைக்கு லான்மடாவில் கயிறும் மணியும் அருகிவிட்டன, கடிதம் எழுதுகிறவர்களே இல்லை. நகலெடுத்த கடை கைபேசிக் கடையாகிவிட்டது, டோ மியாவின் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழில் நலம் விசாரித்தால் பர்மியத்தில் பதில் வருகிறது. அம்மா கடைசியாகப் படுத்திருந்த வாரத்தில் ஒருநாள், தெளிவாகத்தான், "எடுத்துட்டாங்களா?" என்று கேட்டாள். "எடுத்துட்டாங்கம்மா, கடல்ல விட்டுட்டாங்களாம்" என்றேன். கையைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனாள். எடுத்ததாக எந்தத் தகவலும் எனக்கு வரவில்லை. அந்தக் கோடு போட்ட தாள் இன்னும் அவர் தலைமாட்டில்தான் இருக்கும், அதில் உள்ள எழுத்து என்னுடையது.