முதல் முடி

மகாராஜபுரம் வயல்களில் நடவென்றால் முதல் நாற்றை ஊன்றுவது சந்தனமேரிதான். நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு கட்டிவைத்த நாற்று முடியைப் பிரித்து ஊன்றுவாள். வரப்பில் நிற்கும் பெண்கள் குலவை போடுவார்கள். பிறகுதான் மற்றவர்கள் இறங்குவார்கள்.

சும்மா வந்த பெருமை இல்லை அது. சேரிக்காரி கை முதலில் படக்கூடாது என்றிருந்த ஊர். அவளுடைய அம்மா சாகும்வரை மற்றவர்கள் ஊன்றிய பிறகே வயலில் இறங்கினாள். சந்தனமேரி இளம்பெண்ணாக இருந்தபோது துணிந்து முதல் முடியைத் தூக்கினாள். “அவ கை வச்சா நாங்க எறங்க மாட்டோம்” என்று மேலத்தெருப் பெண்கள் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். வருசக்கணக்கில் மல்லுக்கட்டித்தான் முதல் முடி அவள் கைக்கு வந்தது.

இப்போது இளசுகளெல்லாம் ராஜபாளையம் மில்லுக்கு வேன் ஏறிப் போய்விடுகிறார்கள். ஆள் போதாமல் நிலத்துக்காரர் அழகுராஜா இந்த வருசம் ஒடிசாக்காரர்கள் சிலரைக் கூட்டிவந்தார். அன்று காலை மேற்கே மலையில் மஞ்சு இறங்கியிருந்தது. உழுத சேற்றில் கொக்குகள் மேய்ந்தன. எந்த ஊர்க் கொக்கு என்று யாரும் கேட்பதில்லை, மனுசனிடம்தான் அந்தக் கேள்வியெல்லாம்.

வந்தவர்களில் சபிதா என்ற பெண், விவரம் தெரியாமல் ஒரு முடியைக் கையிலெடுத்தாள்.

“ஏட்டி, கீழ வையி! வடக்கத்திக்காரி கை பட்டா வெள்ளாமை வெளங்குமா?” என்று கத்தினாள் பாண்டிசெல்வி. சந்தனமேரியின் தெருக்காரிதான், நடவுக் கூட்டத்தில் அவளுக்கு வலது கை. சபிதாவுக்குப் பேச்சு புரியாவிட்டாலும் முகம் புரிந்தது. முடியை வைத்துவிட்டுத் தலைகுனிந்து ஒதுங்கினாள். சந்தனமேரியின் அம்மாவும் அப்படித்தான் ஒதுங்குவாள். சந்தனமேரி பாண்டிசெல்வியிடம் திரும்பினாள்.

“நம்மளப் பேசுன பேச்சுட்டி இது.”

“அதெல்லாம் தெரியாது மேரிக்கா. இவ கை வச்சா நாங்க எறங்க மாட்டோம்.”

அதே வார்த்தை, இப்போது சொந்தத் தெருவிலிருந்து. இவர்கள் போய்விட்டால் இத்தனை வருசம் கட்டிக்காத்த கூட்டம் கலைந்துவிடும். அந்தப் பயம் அவளுக்கு இருந்தது. இருந்தாலும் குனிந்து அந்த முடியை எடுத்து சபிதாவின் கையில் வைத்தாள்.

“ஊனு தாயி.”

சபிதா இறங்கி முதல் நாற்றை ஊன்றினாள். வரப்பில் குலவை இல்லை. சந்தனமேரி தனியாகப் போட்டுப் பார்த்தாள், குலவை பாதியில் நின்றுபோனது.

விட்ட இடத்திலிருந்து சபிதா எடுத்தாள். சேற்றில் நிமிர்ந்து நின்று நாக்கைச் சுழற்றி அவள் போட்ட குலவைக்குக் கொக்குகள் எழும்பிப் பறந்தன.

“இவளுக்கும் குலவை தெரியுதேக்கா,” என்றாள் பாண்டிசெல்வி.

“அவளும் நாத்து நடுற ஊர்க்காரிதான்ட்டி.”

சிலர் முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். பாண்டிசெல்வி போகவில்லை. பிறகு சேலையைச் செருகிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் சபிதாவுக்குப் பக்கத்தில் இறங்கினாள். சந்தனமேரிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கையெல்லாம் சேறு. கண்ணைத் துடைக்காமலே, முதல் முடி தன் கைக்கு வந்தபிறகு முதல்முறையாக, இன்னொருத்திக்குப் பின்னால் நாற்றை ஊன்றினாள்.