மாஹே எங்கள் பக்கத்து ஊர்

கல்லூரியில் நான் நடத்துவது வேதியியல். கபடியோடு எனக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பெண்கள் அணி வெளியூருக்கு ஆடப் போனால் கூடவே ஒரு பெண் ஆசிரியரும் போக வேண்டும் என்று விதி. நான் காய்ச்சலென்று விடுப்பில் இருந்த ஒரு நாள் ஆசிரியர் கூட்டம் நடந்திருக்கிறது. காய்ச்சல் விட்டுத் திரும்பியபோது நான் கபடி அணியின் மேலாளர் ஆகியிருந்தேன்.

அப்போது போட்டிகளெல்லாம் புதுச்சேரியில்தான் நடக்கும். காரைக்காலில் விடியற்காலை ஐந்து மணி பேருந்தைப் பிடிப்போம். புறப்பட்ட கொஞ்ச நேரத்தில் எங்கள் மாநிலம் முடிந்து தமிழ்நாடு வந்துவிடும். சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று தமிழ்நாட்டைக் கடந்து மறுபடியும் எங்கள் மாநிலத்துக்குள் நுழைவோம். நாலு மணி நேரம் போய், அரை மணி நேரம் ஆடி, முதல் சுற்றிலேயே தோற்று, சாம்பார் சாதம் சாப்பிட்டுவிட்டு நாலு மணி நேரம் திரும்பி வருவோம். நகரத்துப் பிள்ளைகளுக்கு விரிப்பு மேல் ஆடிப் பழக்கம். எங்கள் பெண்கள் மண்ணில் ஆடியவர்கள். விரிப்பில் கால் வைத்ததுமே, ஈரத் தரையில் நடப்பவர்கள் போல எச்சரிக்கையாகிவிடுவார்கள்.

இப்படி இரண்டு வருடம் போனது. மூன்றாம் வருடம், கல்லூரிகளுக்கிடையிலான விளையாட்டுக் குழு மண்டலங்களை மாற்றி அமைக்கப் போவதாகச் செய்தி வந்தது. அணிகளின் எண்ணிக்கை கூடிவிட்டது, அதனால் மூன்று மண்டலமாகப் பிரிக்கப் போகிறார்களாம். எந்தக் கல்லூரி எந்த மண்டலம் என்று ஒருவருக்கும் தெரியாது. தெரியாததால் எல்லாருக்கும் ஒரு கருத்து இருந்தது. ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் சம்பள உயர்வுக்குக்கூட அவ்வளவு செய்தி ஓடிப் பார்த்ததில்லை.

எங்கள் உடற்கல்வி இயக்குநர், எல்லாரும் அழைக்கிறபடி பி.டி. சார், புதுச்சேரி மண்டலத்தை விடக்கூடாது என்றார். "தோத்தாலும் பெரிய ஆளுங்ககிட்ட தோக்கணும் மேடம். தேர்வுக் குழு ஆளுங்க கண்ணுல படுவாங்க பொண்ணுங்க."

கல்லூரி முதல்வர் வேறு கணக்குப் போட்டார். மறு வருடம் கல்லூரியைத் தர மதிப்பீடு செய்ய ஒரு குழு வர இருந்தது. தன் அறைக்கு வெளியே புதிதாக ஒரு கண்ணாடி அலமாரி செய்து வைத்திருந்தார். உள்ளே ஒரு செஸ் கேடயமும் பிளாஸ்டிக் பூங்கொத்தும் மட்டும் இருந்தன. "எந்த மண்டலத்துல ஆளு கொறச்சலோ அதுல சேருங்க" என்றார்.

பெண்களுக்கு வேண்டியது இன்னொன்று. கேப்டன் கடலோர மண்டபத்தூர்ப் பெண். நீண்ட கைகள், நடுக்கோட்டில் நின்றபடியே பாதி மைதானத்தைத் தொட்டுவிடுவாள் போலிருக்கும். அவள்தான் எல்லாருக்குமாகப் பேசினாள். "நாகப்பட்டினம் காலேஜோட ஆடுனா ஆவாதா மேடம்? அரை மணி நேரம். ஆறு மணிக்குள்ள வீட்டுக்குப் போயிடலாம். நம்ம டீம் குரும்பகரத்துக்காரி வீட்ல ஆறு மணிக்கு மேல ஆனா அவங்கப்பா பஸ் ஸ்டாண்டுக்கே வந்துடறாரு."

எனக்கு அது நியாயமாகவே பட்டது. ஆகவே புதுச்சேரியில் குழுவின் கூட்டம் நடந்தபோது பி.டி. சாரோடு நானும் போனேன். குழுவின் அழைப்பாளர் மிக மரியாதையான மனிதர். எங்களை உட்கார வைத்து டீ கொடுத்தார். அவருக்குப் பின்னால் சுவரில் எங்கள் மாநிலத்தின் வரைபடம். புதுச்சேரி நடுவில் பெரிதாக இருக்க, காரைக்கால், மாஹே, ஏனாம் மூன்றும் கீழே மூன்று சின்னக் கட்டங்களில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அங்கே பார்த்தால் காரைக்காலிலிருந்து மாஹேக்கு ஒரு விரல்கடை தூரம்.

நான் நாகப்பட்டினத்தைச் சொன்னேன். "அது வேற மாநிலம் ஆச்சுங்களே மேடம்" என்றார்.

"என் வீட்டுக்காரர் தெனம் வேற மாநிலத்துக்குப் போயி வேலை பாத்துட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடறாரு சார்."

அவர் சிரித்தார். ஆனால் அசையவில்லை. "புதுச்சேரியில ரெண்டு மண்டலம். வெளிய இருக்கற மூணு ஊருக்கும் சேத்து ஒரு மண்டலம். உங்களுக்குத்தான் வசதி. நீங்க, மாஹே, ஏனாம்."

பி.டி. சார் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். நான் பொறுமையாக, "சார், மாஹே அந்தப் பக்கத்துக் கடலோரத்துல இருக்கு. கேரளாவுல. ஏனாம் ஆந்திராவுல இருக்கு" என்றேன்.

"தெரியும் மேடம். பூகோளத்துல தூரந்தான். ஃபைல்ல பக்கத்துல பக்கத்துலதான் வரும்."

எழுந்து கும்பிட்டுவிட்டு வந்தோம். திரும்பும் பேருந்தில் கடலூர் தாண்டும்வரை பி.டி. சார் ஜன்னல் வழியே ஊர்ப் பலகைகளை வாசித்துக்கொண்டு வந்தார். பிறகு, "தெலுங்கு தெரியுமா மேடம் உங்களுக்கு?" என்று கேட்டார்.

மண்டலப் பட்டியல் வந்தது. அழைப்பாளர் சொன்னபடியேதான். ஊரில் கேலி தாங்கவில்லை. காரைக்கால் தருமபுரத்தில் எங்கள் தெருவில் பால் ஊற்றுகிறவர், "மாஹேக்கு டவுன் பஸ் விட்டுட்டாங்களாமே" என்று கேட்டார். முதல்வருக்கு மட்டும் ஒரே சந்தோஷம். மூன்றே அணிகள். அலமாரிக்கு ஒரு வழி பிறந்துவிட்டது என்று நினைத்தார்.

முதல் மண்டலப் போட்டியை நடத்தும் முறை எங்களுக்கு விழுந்தது. இரண்டு ஊர்களுக்கும் அழைப்பு அனுப்பினோம். ஏனாமிலிருந்து தேர்வு நேரம், வர இயலாது என்று மின்னஞ்சல் வந்தது. மாஹேயிலிருந்து பதிலே இல்லை. பதிலுக்கான கெடு நாள் முடிந்த மறுநாள் முதல்வர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். எதிரணி வராவிட்டால் வந்த அணிக்கே வெற்றி என்றிருந்தது. நாங்கள் எங்கேயும் வரவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தோம். அதுவும் வந்ததாகத்தான் கணக்கு என்றார். அன்று சாயங்காலமே ஆள் அனுப்பி ஒரு கோப்பை வாங்கி, அதில் இரண்டு வரி பொறிக்க வைத்துவிட்டார். மேல் வரியில் 'மண்டலச் சாம்பியன்', கீழ் வரியில் எங்கள் கல்லூரியின் பெயர்.

மைதானத்தில் படம் எடுக்க எல்லாரையும் நிறுத்தினார்கள். கேப்டன் கோப்பையைத் தொடவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"புடிம்மா, படத்துல விழணும்ல" என்றார் முதல்வர்.

"ஆடாம ஜெயிச்சா வீட்ல என்னான்னு சார் சொல்றது? எங்கம்மா யாரை ஜெயிச்சேன்னு கேப்பாங்க."

கடைசியில் முதல்வரே பிடித்துக்கொண்டார். அந்தப் படத்தில் ஏழெட்டு இறுகிய முகங்களுக்கு நடுவில் அவர் ஒருவர்தான் கபடி ஆடி ஜெயித்தவர் போல இருக்கிறார்.

பத்து நாள் போயிருக்கும். ஆய்வகத்தில் இருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தேன். ஒரு பெண் குரல் படபடவென்று பேசி, "கத்து கிட்டியில்லே?" என்று முடித்தது.

கத்தினேனா என்று கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். மாணவிகளிடம் நான் கொஞ்சம் சத்தம் போடுகிறவள்தான். யாரோ புகார் கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. "இல்லீங்க, நான் கத்தவே இல்லையே" என்றேன். பிறகு அந்தம்மாள் ஆங்கிலத்துக்கு மாறி, தான் மாஹே கல்லூரியின் பெண்கள் கபடி அணி மேலாளர் என்றும், கடிதம் கிடைக்கவில்லையா என்றுதான் கேட்டதாகவும் சொன்னார். மலையாளத்தில் கத்து என்றால் கடிதமாம். எங்கள் அழைப்பை ஏற்று முறையாகத் தபாலில் பதில் போட்டிருக்கிறார்கள். நாளை மறுநாள் காலை ரயிலில் வந்து இறங்குகிறார்கள். பயணச்சீட்டும் எடுத்தாயிற்று.

அந்தக் கடிதம் அன்று மாலைதான் கல்லூரிக்கு வந்தது. உறையில் காரைக்கால், புதுச்சேரி என்று எழுதியிருந்ததால் முதலில் புதுச்சேரிக்குப் போய் நாலு அலுவலகம் சுற்றிவிட்டு வந்திருந்தது.

முதல்வர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். "போட்டி முடிஞ்சி போச்சேம்மா. கோப்பையில எழுதியாச்சே."

நான் கேப்டனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவள் ஒரு குதி குதித்தாள். "அப்ப ஆடுறோம் மேடம்!" என்று கத்திக்கொண்டே படியிறங்கி ஓடினாள். முதல்வர் விதிப் புத்தகத்தை மூடி வைத்தார். பி.டி. சார் ஒரு லோடு மணல் வரவழைத்துக் களத்தில் கொட்டி, மழை ஈரம் போகக் கிளறிப் போட்டார். கோட்டை மட்டும் மூன்று தடவை அளந்தார்.

மாஹே பெண்கள் வந்து இறங்கினார்கள். ஒரு நாள் பயணத்தில் கசங்கிப் போயிருந்தார்கள். அவர்களுடைய மேலாளர் ஒரு பை நிறைய நேந்திரம் சிப்ஸ் என் கையில் கொடுத்தார். எங்கள் பெண்கள் தூரத்திலிருந்தே அளவெடுத்தார்கள். "ஒருத்தி காலு நொண்டுறாடி" என்று குரும்பகரத்துப் பெண் எனக்கே கேட்கும்படி சொன்னாள். எனக்கும் மனதுக்குள் ஜெயித்துவிட்டோம் என்றுதான் இருந்தது.

மறுநாள் பிற்பகல் ஆட்டம். சுற்றி நல்ல கூட்டம். கேப்டனின் அம்மா மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டுக் காலி அன்னக்கூடையோடு நேராக வந்து, கோட்டுக்குப் பக்கத்தில் அதைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். குரும்பகரத்து அப்பாவும் வந்திருந்தார். கடிகாரத்தையும் மகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் பாதியில் நாங்கள் ஐந்து புள்ளி முன்னால். கேப்டன் பாடிப் போனாள் என்றால் வெறுங்கையோடு திரும்பவில்லை. இடைவேளையில் எங்கள் பெண்கள் களத்தின் ஓரத்திலேயே வட்டமாக நின்று தண்ணீர் குடித்தபடி திட்டம் போட்டார்கள். மாஹே பெண்கள் நாலடி தள்ளி உட்கார்ந்திருந்தார்கள்.

"அந்த ஒசரமான பொண்ணு வந்தா நான் காலப் புடிக்கிறேன், நீ இடுப்பப் புடி."

"மெதுவாப் பேசுங்கடி" என்றேன் நான்.

"அவளுவளுக்கு என்ன மேடம் புரியப் போவுது? மலையாளம்" என்றாள் குரும்பகரத்துப் பெண். "எனக்கு எடது கணுக்கால் வலிக்குது, நான் வலது பக்கம் நின்னுக்கிறேன்" என்றும் சத்தமாகச் சேர்த்துக்கொண்டாள்.

இரண்டாம் பாதியில் என்ன நடக்கிறதென்றே எங்களுக்கு விளங்கவில்லை. உயரமான பெண் பாடி வந்தாள். காலைப் பிடிக்கக் குனிவதற்கு ஒரு நொடி முன்பே தாண்டிக் குதித்துப் போய்விட்டாள். அடுத்தடுத்து வந்தவர்களெல்லாம் குரும்பகரத்துப் பெண்ணின் இடது பக்கமே வந்தார்கள். எங்கள் பெண்கள் திட்டத்தை மாற்றினார்கள், இன்னும் சத்தமாக. அதுவும் பலிக்கவில்லை. ஐந்து புள்ளி கரைந்து, சமம் என்று வந்து நின்றபோது கடைசி ரெய்டு எங்களுடையது.

கேப்டன் நடுக்கோட்டில் நின்று பின்னால் திரும்பி, "போனஸ் கோட்ட மட்டும் தாண்டிட்டு வந்துடறேன், ஒரு புள்ளி போதும்" என்றாள். "கபடி, கபடி" என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் கால் வரப்போகும் இடத்தில் நாலு கைகள் அவளுக்கு முன்பே காத்திருந்தன. கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் கணுக்காலைப் பிடித்தார்கள். அவள் மணலில் நீந்திப் பார்த்தாள். நடுவர் விசில் ஊதிவிட்டார். ஒரு புள்ளியில் தோற்றோம்.

கைகொடுக்கும்போது மாஹே கேப்டன் எங்கள் கேப்டனிடம், நம் தொலைக்காட்சியில் வருகிறவர்கள் தோற்றுப்போகும் தமிழில் சொன்னாள்: "சூப்பரா ஆடினீங்க அக்கா. ஆனா எல்லாத்தையும் முன்னாலேயே சொல்லிட்டீங்க."

"ஒனக்குத் தமிழ் தெரியுமா?"

"எங்க ஊர் தியேட்டர்ல பாதி தமிழ்ப் படந்தான் அக்கா."

எங்கள் கேப்டன் மணலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுடைய அம்மாவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அன்னக்கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "மீனும் வாயத் தொறந்துதான்டி தூண்டில்ல மாட்டுது" என்று மைதானத்துக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்தது பரிசளிப்பு. முதல்வர் என் காதருகே வந்து, "வேற ஏதாவது ஷீல்டு வாங்கிக் குடுத்துடலாமா?" என்றார். நான் பதில் யோசிப்பதற்குள் கேப்டன் அலுவலக வராந்தாவுக்கு ஓடி, கண்ணாடி அலமாரியைத் திறந்து கோப்பையை எடுத்துவந்துவிட்டாள். அன்று படத்துக்குக்கூடத் தொடாததை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். தமிழ் பேசத் தெரிந்த மாஹே கேப்டனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியவில்லை. எழுத்தைத் தடவிப் பார்த்து, "என்ன எழுதியிருக்கு அக்கா?" என்று கேட்டாள்.

"மண்டலச் சாம்பியன்."

"கீழ?"

"அதுவும் அதேதான்" என்றாள் எங்கள் கேப்டன், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

அந்த மண்டலம் அந்த ஒரு வருடத்தோடு கலைந்தது. மாஹே மேலாளர் பயண நேரத்தையெல்லாம் விளக்கிக் குழுவுக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினாராம். மறு வருடம் எங்களைத் திரும்பவும் புதுச்சேரியோடு சேர்த்துவிட்டார்கள். பி.டி. சாருக்கு முகமெல்லாம் பல். கேப்டன் படிப்பை முடித்து, உடற்கல்வி ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்துவிட்டாள். குரும்பகரத்துப் பெண்தான் புதிய கேப்டன். திட்டங்களையெல்லாம் முதுகில் விரலால் தட்டிச் சொல்லும் முறையை அவள் கொண்டுவந்தாள்.

புதுச்சேரியில் அந்த வருடம் முதல் சுற்றில் ஜெயித்தோம். எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை. இரண்டாம் சுற்றில் மோசமாகத் தோற்றோம். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊர் திரும்பும் பேருந்துக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. நன்றாக ஆடினீர்கள், எங்கே போக வேண்டும் சொல்லுங்கள், கூட்டிப் போகிறேன் என்றேன். கூடிப் பேசிவிட்டு வந்து, எல்லாரும் ஒரே குரலில் கடற்கரை என்றார்கள். அதில் மூன்று பேர் மண்டபத்தூர்ப் பெண்கள். வீட்டு வாசலில் நின்றால் அலை தெரியும் அவர்களுக்கு.

"அங்க தெனம் பாக்கறதுதானடி?" என்று கேட்டேன்.

"அது எங்கூட்டுக் கடல் மேடம்" என்றாள் ஒருத்தி. "இது சுத்திப் பாக்கற கடல்."

போனோம். பி.டி. சார் எல்லாருக்கும் சுண்டல் வாங்கிக் கொடுத்தார்.