உளுந்து ரோட்டில் பிரெஞ்சு கார்

அண்ணன் மேல் எனக்கு இருந்த ஆத்திரமெல்லாம் ஒரு காருக்காக. அற்பம் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

காரைக்காலிலிருந்து போய் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த ஒருவர், ஊர் திரும்பும்போது கப்பலில் கொண்டுவந்த ஸ்போர்ட்ஸ் கார் அது. இரண்டே கதவு, எஞ்சின் பின்பக்கம், தரையோடு தரையாகப் போகும். அந்த நாட்டு மலைப்பாதைகளில் ராலி என்கிற ரோட்டுப் பந்தயம் ஓடிய வண்டி. கதவில் பந்தய எண் அழிந்தும் அழியாமலும் தெரியும். அப்பா அதை வாங்கிக் குத்தாலத்துக்குக் கொண்டுவந்தார். ராலியில் பக்கத்து சீட்டில் இருப்பவர்தான் வழி சொல்ல வேண்டுமாம். அப்பாவுக்கு வழி சொன்னது நான். அண்ணன் அதில் ஏறினாலே வாந்தி எடுப்பான்.

அப்பாவின் கருமாதி முடிந்த கையோடு அண்ணன் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். கேட்டேன். உனக்குத்தான் கல்யாணத்துக்கு எல்லாம் செய்தாயிற்றே, பொம்பளைக்கு எதற்குப் பந்தயக் கார் என்றான். கூடியிருந்த சொந்தமெல்லாம் தலையாட்டியது.

மறு வருஷம் பங்குனியில் பழைய கார் வைத்திருப்பவர்கள் சேர்ந்து அவற்றைத் தஞ்சாவூரிலிருந்து திருவாரூருக்கு ஓட்டிப்போக ஏற்பாடு செய்திருந்தார்கள். வண்டி வழியில் நிற்காமல் ஓடி வந்து சேர்ந்தால் திருவாரூரிலேயே வாங்கிக்கொள்வதாக ஒரு கோயம்புத்தூர்க்காரர் அண்ணனிடம் சொல்லியிருந்தார். அண்ணன் சென்னைவாசி, எங்கள் பக்கத்து ரோடுகள் மறந்துபோனவன். கூச்சமே இல்லாமல் என்னை வழி சொல்லக் கூப்பிட்டான். சிரித்துக்கொண்டே போனேன்.

பங்குனியில் எங்கள் ஊர் ரோடுகளில் உளுந்துச் செடியைப் பரப்பிவிடுவார்கள். போகிற பஸ்ஸும் லாரியும் மிதித்து மணியை உதிர்த்துக் கொடுக்கும். தாழ்வான வண்டி போனால் செடி அடியில் சுற்றிக்கொண்டு, சைலன்ஸர் சூட்டில் தீப்பிடிக்கும். அந்த மாதத்தில் அப்பா எவ்வளவு தூரமானாலும் சுற்றித்தான் போவார்.

நீடாமங்கலம் தாண்டி ரோடு பிரிகிற இடத்தில் எந்தப் பக்கம் என்று கேட்டான். இடது பக்கம் என்றேன். நானும் அதே வண்டிக்குள்தான் இருக்கிறேன் என்ற நினைப்புகூட வரவில்லை.

உளுந்து மேல் ஏற்றினான். கொஞ்ச தூரத்தில் பின்னாலிருந்து புகை. பதறி இறங்கியவன் நேராக முன்பக்க மூடியைத் திறந்து எஞ்சினைத் தேடினான். பாவி, இவனுக்குத்தான் அந்தக் கார். உளுந்து பரப்பிய பெண்கள் ஓடிவந்து மண்ணை வாரி இறைத்துத் தீயை அணைத்தார்கள். பின்பக்கம் கருகிவிட்டது. அண்ணன் போனில் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தான். கோயம்புத்தூர்க்காரர் வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார்.

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "தெரிஞ்சுதான சொன்ன?"

"தெரிஞ்சுதான் சொன்னேன், அண்ணே. நீ விக்கிறதுக்கு அது எரிஞ்சே போகட்டும்னுதான் சொன்னேன்."

சாவியை என் காலடியில் எறிந்துவிட்டு பஸ் ஏறிப் போனான். டிராக்டரில் கட்டி வண்டியை என் வீட்டுக்கு இழுத்துவந்தேன். பழுது பார்த்து இப்போது நன்றாக ஓடுகிறது. கருகின இடத்துக்கு மட்டும் பெயிண்ட் அடிக்கவில்லை. வருஷா வருஷம் பொங்கல் சீர் கொண்டுவர வேண்டியவன் அண்ணன்தானே. அன்றைக்கு அந்தக் கருகின பக்கம் தெருவைப் பார்க்கும்படி காரை வாசலில் நிறுத்திவிடுவேன். தட்டைத் தூக்கிக்கொண்டு அதை ஒட்டித்தான் அவன் உள்ளே வர வேண்டும்.