நேசம் அடுப்பு மூட்டுமுன்

நெருப்புப்பெட்டியை இடக்கையில் பிடித்துக்கொண்டு, குச்சியை எடுக்காமல், நேசம் வாசற்கதவைத் திறந்து எதிர்வீட்டைப் பார்த்துக் குரல் கொடுப்பார்: "ரபீக்கா! ஒருக்கா வந்து மணந்து பாரும்!"

ரபீக்கா முக்காட்டைச் சரிசெய்தபடி வருவார். சமையலறைக்குள் போய், காஸ் சிலிண்டரின் மேல் குனிந்து, கண்ணை மூடி மூச்சை இழுப்பார். "காஸ் மணம் ஒண்டும் இல்ல. நேத்தைய மீன் மணம்தான் ஈக்கி. பத்த வைங்க." அதன் பிறகே கொட்டாஞ்சேனைத் தொடர்மாடியின் அந்த வீட்டில் அடுப்பு எரியும்.

கொரோனாக் காய்ச்சலோடு போன மோப்பம் நேசத்துக்குத் திரும்பவில்லை. "மூக்குப் போனாலென்ன, நாக்குக் கிடக்குத்தானே" என்பார். ஆனாலும் பாரை மீனின் செவுளைத் தூக்கி மணந்து பார்த்துத்தான் வாங்குவார். கோயிலில் தூபம் கிட்ட வந்ததும் எல்லாருக்கும் முந்தி மூக்கைச் சுருக்குவார். திரும்பி வரக்கூடிய ஒருவருக்காக அறையைப் பெருக்கி வைப்பதைப் போன்றது இது. ஓடிக்கலோன் வாசனைத் தண்ணீர் பூசும்போது மட்டும் அளவு தவறிவிடும். "இண்டைக்குப் போத்தலுக்குள்ள இறங்கியா குளிச்சீங்க?" என்று ரபீக்கா கேட்டால், "உமக்குப் பொறாமை" என்று பதில் வரும்.

துறைமுகத்தில் வேலை பார்த்த கணவர் இறந்தபின் நேசம் பொரித்து விற்கும் பற்றிஸும் கட்லட்டும்தான் வீட்டை நடத்துகின்றன. அக்கம்பக்கத்து ஞானஸ்நானமோ செத்தவீடோ, ஓடர் இவரிடம்தான் வரும். எண்ணெய் காய்ந்துவிட்டதா என்பதைக் காதால் அறிவார். மாத்துண்டு ஒன்றைப் போட்டு, அது போடும் சத்தத்தைத் தலைசாய்த்துக் கேட்பார்.

நீர்கொழும்பில் கட்டிக்கொடுத்த மகள் மேபல் ஒருநாள் வந்தபோது இந்த மணந்து பார்க்கும் சடங்கைக் கண்டுவிட்டாள்.

"அம்மா, அடுத்த வீட்டு மூக்கை நம்பியோ நீங்க காஸ் எரிக்கிறீங்க? அவ தடிமன் வந்து மூக்கடைச்சுக் கிடந்தா?"

"அவவுக்குத் தடிமனெண்டா அண்டைக்கு எங்களுக்குக் கடைப் பாண்."

மேபல் சிரிக்கவில்லை. கசிவைக் காட்டும் முள் வைத்த நல்ல ரெகுலேட்டர் பூட்டவேண்டும், ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பேன், இல்லையென்றால் வீட்டைப் பூட்டிக்கொண்டு என்னோடு வந்துவிட வேண்டும் என்று சொல்லிப் போனாள். அன்பில்லாமல் சொல்லவில்லை. மகளின் சமையலறையில் நேசத்துக்கென்று உட்கார ஒரு கதிரை உண்டு, அடுப்பு இல்லை.

நேசம் ரபீக்காவையும் கூட்டிக்கொண்டு தாஸிமின் கடைக்குப் போனார். காஸ் அடுப்புச் சாமான்கள் விற்கும் தாஸிம் முதலில் கேட்டது, "சிலிண்டர் என்ன நிறம், அன்ரி?"

"இப்ப நீலம். காஸ் தட்டுப்பாட்டு நேரம் மஞ்சள்தான் கிடைச்சது. ரெண்டுக்கும் பொருந்திறதா ஒண்டு தாரும்."

"ரெண்டும் வேற வேற கம்பனி, வாயும் வேற. ரெண்டு வீட்டு மாப்பிள்ள எந்த வீட்லயும் உறுதியா ஈக்க மாட்டான், அன்ரி."

நேசத்தின் கண் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பெரிய சிவப்பு ரெகுலேட்டரில் நின்றது. "இது நல்லா எரியும் போல. கட்லட் கெதியாப் பொரியும்."

"அது கொத்துரொட்டிக் கடைக்கு. உங்கட அடுப்புக்குப் போட்டா கட்லட்டோட புருவமும் பொரியும்."

ரபீக்கா கடையதிரச் சிரித்தார். தாஸிம் நீலச் சிலிண்டருக்குரிய, வீட்டு அடுப்புக்கான சிறியதை எடுத்து வைத்தான். அதன் தலையில் கைக்கடிகாரம் போல ஒரு வட்டம். உள்ளே ஒரு முள். "சிலிண்டரத் திறந்துட்டு மூடுங்க, அடுப்பத் திறக்க வேணாம். முள் பச்சையில நிண்டா சரி. இறங்கினா எங்கயோ கசியிது. நெருப்புப் பத்தவைக்காம எனக்குப் போன்ல கோல் எடுங்க. பைப்பும் பழசெண்டா மாத்துங்க. பூட்டின இடத்துல சோப்புத் தண்ணி தடவிக் குமிழி வருதா பாருங்க."

"எனக்குக் குனிய ஏலாது. முழங்கால்."

"அப்ப முள்ளு போதும். நிண்டே பாக்கலாம்."

திரும்பும் வழியில் ரபீக்கா சொன்னார்: "இனி என்ட மூக்குக்குப் பென்ஷன்." இருவரும் சிரித்தார்கள். பிறகு படியேறும் வரையில் ரபீக்கா ரெகுலேட்டர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஞாயிறு மேபல் வந்தாள். புதுப் பைப்பைத் தொட்டுப் பார்த்தாள், சோப்பு நுரை தடவிப் பார்த்தாள், முள்ளின் முன்னால் வெகுநேரம் நின்றாள். "சரியம்மா, இங்கயே இருங்கோ" என்று தாயின் நெற்றியில் முத்தமிட்டுப் பஸ் ஏறினாள்.

திங்கட்கிழமை காலை. நேசம் சிலிண்டரைத் திறந்து மூடினார். முள் பச்சையில் ஏறி நின்றது. பார்த்துக்கொண்டே இருந்தார், அசையவில்லை. நெருப்புப்பெட்டியை எடுத்தார். எதிர்வீட்டில் குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. கதவு சாத்தியே இருந்தது. மா, சீனிப் பேணிகளின் மூடிகள் எல்லாம் இறுக்கமாகவே இருந்தும் ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போனார்.

"ரபீக்கா! ஒருக்கா வந்து மணந்து பாரும்!"

தண்ணீர் நின்றது. "அதான் முள்ளு ஈக்குதே?"

"முள்ளு கிடக்கட்டும். நீர் வாரும்."

எதிர்க்கதவின் தாழ்ப்பாள் விலகியது. ரபீக்கா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வருவதற்குள், நேசம் விரைந்து உள்ளே போய், சட்டி பிடிக்கும் துணியை எடுத்து அந்தச் சின்ன வட்டத்தின்மேல் போட்டு மூடினார்.